சார்பிட்ரேட்டைத் தடுத்த டாக்டருக்காக நாலு ஸ்டார்

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா மேல்வயிற்றை அடைக்கிறது, வாயுவாக இருக்கும் என்றார். ஜெலுசில் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் பனியனைப் பிழியலாம் போல வியர்த்துவிட்டது. 108 வரும்வரை பொறுக்காமல் (தப்புதான்) எதிர்வீட்டுக்காரர் காரில், கீழ்வீட்டு மாமி 'நாக்குக்கு அடியில் வை' என்று கையில் திணித்த சார்பிட்ரேட் (நெஞ்சுவலி மாத்திரை) அட்டையோடு வேளச்சேரியிலிருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம்.

அவசரப் பிரிவில் நுழைந்ததும் நான் மாத்திரையைப் பிரிக்க, ட்யூட்டி டாக்டர், சின்னப் பெண், "சார், பிரஷர் பார்க்காம அதைக் கொடுக்காதீங்க" என்று கையைப் பிடித்துவிட்டார். பார்த்தால் 80/50. அந்த மாத்திரை ரத்தக்குழாயை விரிக்கும், மேல் அளவு 90-க்குக் கீழே இருக்கிறவருக்குக் கொடுத்தால் பிரஷர் இன்னும் சரிந்து ஆளே மயங்கிவிடலாமாம். ஆஸ்பிரினை மட்டும் மென்று விழுங்கச் சொன்னார்கள்.

இசிஜியில் இதயத்தின் கீழ்ச்சுவரில் அட்டாக் என்று தெரிந்ததும், அந்த டாக்டர் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைப் பிய்த்து நெஞ்சின் வலது பக்கம் ஒட்ட ஆரம்பித்தார். அப்பா அந்த நிலையிலும், "ஏம்மா, இதயம் இடது பக்கம்தானே?" என்றார். வலது கீழறையும் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கத்தானாம், அடிபட்டும் இருந்தது. அந்த அறைக்குப் போதுமான ரத்தம் வந்து நிரம்பினால்தான் அது தள்ளும், அதனால் சலைன். அதற்கு முன்னால் முதுகில் ஸ்டெத் வைத்து நிதானமாகக் கேட்டார், நுரையீரலில் நீர் கோத்திருந்தால் சலைனே வினையாகிவிடும் என்று. அரை லிட்டர் இறங்கியும் பிரஷர் போதுமான அளவு ஏறவில்லை, அப்புறம் பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைப் பம்ப்பில் போட்டு, அப்படியே அடைப்பைத் திறக்கும் கேத் லேபுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இதயத்தின் வலது ரத்தக்குழாயில் அடைப்பு, ஒரு ஸ்டென்ட். வாசலில் இறங்கியதிலிருந்து அடைப்பைத் திறக்க 90 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்பார்கள், இங்கே 70 ஆனது.

ஒரு ஸ்டார் குறைத்தது பில்லிங்குக்காக. டிஸ்சார்ஜ் என்று காலையில் சொல்லிவிட்டு இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை என்று சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள், எந்தக் கவுன்டரில் கேட்டாலும் அடுத்த கவுன்டரைக் காட்டினார்கள். கேன்டீன் காபியைப் பற்றிப் பேச வேண்டாம்.

மாமியிடம் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, கூடவே ஒரு பிரஷர் மெஷினும் வாங்கி வையுங்கள் மாமி என்றேன். இரண்டு நாளாகப் பேசவில்லை.