ஒரு இஞ்ச் தண்ணீர் மீட்டர்: வீட்டு நீச்சல் குளத்துக்கு எப்படி?

பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டுக் குளத்துக்கு போர் தண்ணீர் விடுபவர்கள் எவ்வளவு நிரம்பியது என்று அளக்க ஒரு இஞ்ச் மல்டி-ஜெட் மீட்டரை (பல துளை வழியே தண்ணீர் பாய்ந்து உள்ளே சக்கரத்தைச் சுற்றும் வகை) தாராளமாக வாங்கலாம். அளவு டேப்பால் குளத்தை அளந்து போடும் கணக்கு தப்பலாம்; தப்புவது ஆழத்தில்தான். 20க்கு 10 அடி குளம், ஒரு முனை 3 அடி, மறுமுனை 5 அடி என்றால் சராசரி 4 அடி. 800 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 22,640 லிட்டர். நீர்மட்டத்துக்குப் பதிலாகக் கரை விளிம்பிலிருந்து அளந்து அரை அடி கூடினாலே 2,830 லிட்டர் பொய்க்கணக்கு. தரை சீராகச் சரியாமல் நடுவில் சட்டென இறங்கினால் சராசரியே பொருந்தாது. குளோரின் அளவு இதை நம்பித்தான்: இந்தக் குளத்தில் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) ஏற்ற 65 சதவீதக் குளோரின் பொடி சுமார் 35 கிராம்.

சரியான ஓட்டத்தில் மீட்டரின் பிழை 2 சதவீதத்துக்குள். முகம் வானம் பார்க்கப் படுக்கைவாட்டில் மாட்டுங்கள். போர் காற்றைத் தள்ளினால் நடுவிலுள்ள நட்சத்திரச் சக்கரம் தண்ணீர் இல்லாமலே கிறுகிறுவெனச் சுற்றும், அதுவும் கணக்கில் ஏறிவிடும். கறுப்பு எண்கள் கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர்; சிவப்பு அதன் பின்னம். மீட்டரின் நுழைவாயிலில் மணல் அடைத்த சல்லடையைக் கழுவ மீட்டரையே கழற்ற வேண்டியிருப்பது பெரிய குறை. கழற்றும்போது தண்ணீரை நிறுத்த முன்னால் ஒரு வால்வு போடச் சொல்லுங்கள்.