இரண்டரை வயதுக்கு நாடக வகுப்பா, வீட்டு விளையாட்டா?

காட்பாடியில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டேகால் வயதானபோது வாரம் ஒருநாள், முக்கால் மணி நேர நாடக வகுப்பில் சேர்த்தோம். மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டோம். இப்போது எல்லாம் வீட்டில்தான். ஆகவே நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பது தெரிந்ததுதான்.

வகுப்பில் விசாலமான இடம், கூட நாலு பிள்ளைகள், பொறுமையான டீச்சர். வேலூர் வெயிலுக்கு ஏசி வேறு. குறையில்லை.

எங்களை நிறுத்த வைத்தது ஒன்றே ஒன்று: இந்த வயசுப் பிள்ளைக்கு ஒரே விளையாட்டு திரும்பத் திரும்ப வேண்டும். முதல் வாரம் வகுப்பில் முயல். அங்கே வாயே திறக்காதவள், வீட்டுக்கு வந்து ஏழு நாளும் முயலாகவே இருந்தாள். அடுத்த வாரம் முயலாகவே உள்ளே போனாள்; அங்கே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அழுதுவிட்டாள். டீச்சரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கு வாராவாரம் ஒரு பாடம். ஆனால் பிள்ளைகளின் பாவனை படிப்படியாக வருவது. ஒன்றரை வயதுவாக்கில் காலி டம்ளரைக் குடிக்கும்; இரண்டு வயதில் பொம்மைக்கு ஊட்டும்; பிறகு சோப்பு டப்பா போனாகும். கதையாகக் கோப்பது மூன்றை நெருங்கும்போதுதான். ஒவ்வொரு படியிலும் பல நாள் நின்றுதான் அடுத்ததில் கால் வைக்கிறார்கள்.

வீட்டில் மரச் சொப்பு, ஒரு துண்டு, ஒரு அட்டைப்பெட்டி. பிளாஸ்டிக் அடுப்பும் வாங்கினோம். அது கடைசிவரை அடுப்பாகவே இருந்தது. அட்டைப்பெட்டியோ ஒரு மாதம் பாகாயம் போகும் இரண்டாம் நம்பர் பஸ். "ஆயா, நீ கண்டக்டரு" என்று பாட்டிக்கும் வேலை கொடுத்து அவளே ஆள் பிரிப்பாள். "சக்கரம் எங்கேடி?" என்று நான் ஒருநாள் கேட்டேன், இறங்கிப் போய்விட்டாள். அதோடு திருத்துவதை விட்டேன்.

செய்யாறு பக்கம் ஆயா ஊரில் பாரதக் கூத்து. பதினெட்டாம் நாள், துரியோதனன் சாகும் படுகளத்தில், மண்ணால் செய்து மல்லாத்திப் போட்டிருந்த பெரிய துரியோதனன் உருவத்தைத் தோளில் உட்கார்ந்து பார்த்தாள். பயந்துவிடுவாளோ என்றிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் கைகாலைப் பரப்பிப் படுத்துக்கொண்டு, "நான் எழுந்திரிக்க மாட்டேன்!" பத்து நாள் இதே கூத்து. ஆயா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திரௌபதியாகி, கூந்தல் முடிக்க வேண்டும். ஏழாம் நாள் அவளே துண்டை வாங்கிக்கொண்டு, ஆயாவைப் படுக்கச் சொன்னாள். வேறொருவராக இருந்து பார்க்க அத்தனை நாள் பிடித்தது.

வீட்டு வழிக்குப் பெரியவர்களின் நேரம்தான் செலவு. தினமும் அரை மணி, போனைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். ஆயா இல்லாத வீட்டில், இருவரும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சுலபமில்லை. நான் பார்த்தது ஒரே பிள்ளையை, அதுவும் கூச்ச சுபாவம். நாலு வயதுக்கு மேல், வேடத்துக்குச் சண்டை போட்டுச் சமாதானமாகும் பருவத்தில், வகுப்பே மேலாக இருக்கலாம். நாங்கள் இன்னும் அங்கே வரவில்லை.

வகுப்பில்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டுமுன் ஒன்று மட்டும் கேளுங்கள்: போன வார விளையாட்டையே பிள்ளை கேட்டால், இந்த வாரமும் ஆட விடுவீர்களா?