வாசல் நிழலுக்கு வேம்பா, புங்கமா?

வீட்டு முன்னால் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால், போட்டி கடைசியில் வேம்புக்கும் புங்கத்துக்கும்தான். குல்மோகர் பூத்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் காற்றுக்குக் கிளை சட்டென்று முறியும், மேலோட்டமாக ஓடும் வேர் தரையைத் தூக்கிவிடும். தூங்குமூஞ்சி 30 மீட்டர் அகலத்துக்குக்கூட விரியும், அதைச் சாலையோரத்துக்கே விட்டுவிடலாம். நான் வைத்தது புங்கம்.

வறட்சியை இரண்டுமே தாங்கும். தண்ணீர் தேங்கினால் வேம்பு சுணங்கிவிடும், புங்கம் சமாளிக்கும். உப்பு மண்ணிலும் வரும். இரண்டின் விதையிலும் எண்ணெய் உண்டு. வேம்பு விதையில் இருக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சிக்கு எதிரி, புங்க எண்ணெய் விளக்குக்கும் பயோடீசலுக்கும் போகிறது. அறுத்து மரச்சாமான் செய்வதற்கு என்றால் பேச்சே இல்லை, வேம்புதான். மகோகனியின் குடும்பம் அது, கரையான் லேசில் தொடாது, கதவு நிலைக்கு நன்றாக உழைக்கும். புங்கத்தை அறுத்து வைத்தால் பூச்சி துளைத்துவிடும், பெரும்பாலும் அடுப்புக்குத்தான்.

ஆனால் வாசல் மரத்தை யாரும் அறுப்பதற்காக வளர்ப்பதில்லை. தினமும் அதன் கீழே பெருக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது அந்தக் குப்பைதான்.

வேம்பு இலையுதிர்க்கும்போது இலை முழுசாக விழுவதில்லை. சிற்றிலைகள் தனியாக, நடுக்காம்பு தனியாக உதிரும். ஊசி மாதிரி இருக்கும் அந்தக் காம்புதான் தொல்லை. துடைப்பத்துக்கு அடங்காது, தரைக்கல் இடுக்கில் செருகிக்கொள்ளும். மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் சிற்றிலையும் காம்பும் பின்னிக்கொண்டு அடைத்தால், முதல் மழைக்கே மாடியில் குளம். இலை முடிந்ததும் பூ, அப்புறம் பழம். பழம் மிதிபட்டுப் பிசுபிசுக்கும், பறவைகள் துப்பிய கொட்டை வேறு.

புங்கத்திலும் உதிர்தல் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிற்றிலை உள்ளங்கை நீளத்துக்கு இருக்கும், பெரும்பாலும் 5 முதல் 9 வரைதான் ஒரு காம்பில். வாரியால் இரண்டு இழு இழுத்தால் குவிந்துவிடும். மரம் மொட்டையாக நிற்கும் நாட்களும் குறைவு. செம்பு நிறத் தளிர் வந்து, கோடை வெயில் ஏறுவதற்குள் பளபளவென்று பச்சையாகிவிடும். குவித்த இலையைச் செடிகளுக்குத் தழையுரமாகப் போட்டுவிடலாம். இது அவரைக் குடும்பம், வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் மரம்.

பூக்கும் பருவத்தில் மட்டும் புங்கம் தோற்கும். பொரி கொட்டியதுபோல் தரை முழுக்க வெள்ளையும் ஊதாவுமாகக் கிடக்கும், வண்டி நிறுத்தினால் கண்ணாடி மேலெல்லாம் பூ. மரத்தில் தேனீயும் மொய்க்கும். இலையில் புடைப்பு புடைப்பாக முடிச்சு வந்தால் பயப்பட வேண்டாம், அது கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன் வேலை. பார்க்க அசிங்கம், அவ்வளவுதான்.

வேர் விஷயத்தில் உறுதியாகப் பேச என் மரத்துக்கு இன்னும் வயசு போதாது. பக்க வேரிலிருந்து புதுக் கன்று கிளம்பும் பழக்கம் புங்கத்துக்கு உண்டு என்பதால் சுவரை விட்டு நன்றாகத் தள்ளியே வைத்தேன். தாழ்வான கிளைகளைச் சின்ன வயதிலேயே கழித்துவிடுங்கள். விட்டால் தலையில் இடிக்கிற உயரத்துக்கே தொங்கும்.