லேண்ட்சாட் படங்களும் பெல்லந்தூர் ஏரியும்: ஆறு ஆண்டு அனுபவம்

பெங்களூரின் அல்சூரில் வசிக்கும் நண்பர் ஒருவர், யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தம் பகுதித் தெருக்களை வரைய, லேண்ட்சாட் என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் போதுமா என்று சென்ற வாரம் கேட்டார். போதாது என்றேன். ஒரு படப்புள்ளி தரையில் 30 மீட்டர், கருப்பு வெள்ளைப் படத்தில் 15 மீட்டர். அல்சூர்ச் சந்துகள் அதில் தெரிய வழியில்லை. ஆயினும் அந்தப் பதிலோடு நிறுத்த மனம் வரவில்லை, ஏனெனில் ஆறு ஆண்டுகளாகப் பெங்களூரு ஏரிகளை நான் வரைந்து வருவது இந்தப் படங்களை நம்பித்தான்.

பொதுவுரிமையில் உள்ள இந்தப் படங்களை அமெரிக்க அரசு 2008 முதல் இலவசமாகவும் தருவதால், யாரிடமும் அனுமதி கேட்காமல் பார்த்து வரையலாம். கூர்மையான வணிகப் படங்களில் எடுத்த நாளைக் கண்டறிவதே பாடாக இருக்கும்போது, இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு. லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறை இந்நகரைக் கடக்கின்றன. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மேகம்தான் கிடைக்கும் என்பதால், நான் பிப்ரவரி, மார்ச் படங்களையே எடுத்துக்கொள்கிறேன்.

என்னை விடாமல் வதைப்பது ஆகாயத்தாமரை. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியின் பதிவைச் சிவப்பு நிறமாக வைத்துப் பார்த்தால் நீர் கருமையாகவும் செடிகள் செக்கச்செவேலெனவும் தோன்றும், ஏரியின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் நிற்கும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் பெல்லந்தூரில் ஆகாயத்தாமரை மூடிய பரப்பு வயலைப்போலவே சிவந்து கிடக்கிறது. அதை நம்பி ஏரியின் ஒரு பகுதியையே நான் வெட்டி எறிந்துவிட்டேன். பிறகு கரைமேல் நடந்து, ஜிபிஎஸ் தடத்தைப் பதிவுசெய்து, பழைய எல்லையை மீட்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஏரி என்பது இன்று நீர் தெரியும் இடம் மட்டுமன்று, நிறைந்தால் நீர் எட்டும் இடம் முழுவதும் என்பதை அந்த நடையில்தான் உணர்ந்தேன். அந்த நிறைவைக் காண 1980களின் லேண்ட்சாட் 5 படங்கள்வரை பின்னோக்கிப் புரட்ட முடிந்தது, அதற்கு ஈடாக வேறெதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏரிகளை இணைக்கும் மழைநீர்க் கால்வாய்களான ராஜகாலுவேக்களில் பெரும்பாலானவை ஒரு படப்புள்ளிக்குள் மறைந்துவிடுகின்றன. வெள்ளம் வரும்போது மக்கள் வரைபடத்தில் தேடுவது அவற்றைத்தான் என்பதால் இந்தக் குறையை என்னால் மன்னிக்க இயலவில்லை. இத்தனை பாராட்டிய பிறகும், புதிதாக வரையத் தொடங்குபவருக்கு லேண்ட்சாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். நண்பரிடம் முதலில் தம் தெருவை நடந்து பதிவுசெய்யச் சொல்லியிருக்கிறேன். நான் இந்த மார்ச்சில் வர்த்தூர் ஏரியின் படங்களை இறக்குவேன்.