பைண்ட் மவுண்ட்டா, கம்போஸ் வாட்ச்சா?

பெங்களூரு எச்எஸ்ஆர் லேஅவுட்டில் இருக்கும் எங்கள் ஆபீஸில் பாதிப் பேரிடம் மேக், மீதிப் பேரிடம் உபுண்டு லினக்ஸ். எல்லோரும் ஒரே நோட் (Node.js) ப்ராஜெக்ட்டை டாக்கரில் ஓட்ட வேண்டும். புரோகிராமையும் அதற்குத் தேவையானவற்றையும் 'இமேஜ்' என்ற ஒரே பொதியாக்கி, 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி அது. லேப்டாப்பில் திருத்தும் கோடு கன்டெய்னருக்குள் போக பைண்ட் மவுண்ட், டாக்கர் கம்போஸின் (கன்டெய்னர்களை ஒரே ஃபைலில் எழுதி ஓட்டும் கருவி) வாட்ச் என்ற இரண்டு வழியையும் போட்டுப் பார்த்துவிட்டு இப்போது வாட்ச்சுக்கு வந்திருக்கிறோம். என் ஓட்டும் அதற்குத்தான்.

பைண்ட் மவுண்ட் எல்லோருக்கும் தெரிந்ததே: லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டரையே கன்டெய்னருக்குள் காட்டுகிறோம். லினக்ஸில் இதனால் வேகம் குறையாது. மேக்கில் டாக்கர் ஒரு லினக்ஸ் விஎம்முக்குள் (மெய்நிகர் கணினி) ஓடுவதால் கொஞ்சம் இழுக்கும். விர்ச்சியோஎஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறை வந்தபின் அதுவும் நன்றாகவே தேறிவிட்டது. எனவே வேகத்தை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

முடிவை மாற்றியது நோட்_மாட்யூல்ஸ், அதாவது ப்ராஜெக்ட்டின் பேக்கேஜ்கள் இன்ஸ்டால் ஆகும் ஃபோல்டர். மேக்கில் இன்ஸ்டால் செய்த நேட்டிவ் (அந்தந்த ஓஎஸ்ஸுக்கென்றே கம்பைல் ஆன) பேக்கேஜ்கள் லினக்ஸ் கன்டெய்னரில் ஓடாது. அதனால் அந்த ஃபோல்டருக்கு மட்டும் தனியாக ஒரு வால்யூம் (கன்டெய்னர் போனாலும் அழியாத, டாக்கரே வைத்திருக்கும் சேமிப்பிடம்) போடுவது வழக்கம். சிக்கலே அங்கேதான். வால்யூம் காலியாக இருந்தால்தான் இமேஜில் உள்ளதை டாக்கர் அதில் நிரப்பும். அப்புறம் நீங்கள் பேக்கேஜ் பட்டியலான பேக்கேஜ்.ஜேசானில் எதைச் சேர்த்து எத்தனை முறை பில்ட் செய்தாலும், பழைய வால்யூமே மேலே வந்து உட்காரும்.

"அண்ணா, புல் பண்ணி பில்டும் பண்ணிட்டேன், இன்னும் கேனாட் ஃபைண்ட் மாட்யூல்னே வருது" என்று டீமில் யாராவது வந்து நிற்பார்கள். "டவுன் மைனஸ் வி போட்டுட்டு திரும்ப அப் பண்ணும்மா" என்றால், அதாவது வால்யூம்களையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினால், சரியாகிவிடும். ஆனால் அதே கட்டளை டேட்டாபேஸ் வால்யூமையும் சேர்த்தே அழிக்கும். டெஸ்ட் டேட்டாவை மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை எத்தனை முறை விளக்குவது?

2023-இல் கம்போஸ் 2.22-உடன் முழுமையாக வந்த வாட்ச்சில் அந்த வால்யூமே தேவையில்லை. கம்போஸ் ஃபைலில் 'டெவலப்' பகுதியில், சோர்ஸ் ஃபோல்டருக்கு 'சிங்க்', பேக்கேஜ்.ஜேசானுக்கு 'ரீபில்ட்' என்று எழுதிவிட்டால் போதும். கோடு மாறினால் அந்த ஃபைல் மட்டும் கன்டெய்னருக்குள் காப்பி ஆகும். பேக்கேஜ் மாறினால் இமேஜே புதிதாகி, கன்டெய்னரும் மாறிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கன்டெய்னரில் ஓடும் யூசருக்கு அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை வேண்டும். இமேஜைக் கட்டும் குறிப்பான டாக்கர்ஃபைலில், காப்பி வரியிலேயே ஃபைல்களின் உரிமையாளரைக் குறிக்கும் சௌன் (--chown) கொடுத்துவிடுங்கள்.

வாட்ச் ஒருவழிப் பாதை. கன்டெய்னருக்குள் உருவாகும் எதுவும் லேப்டாப்புக்குத் திரும்பி வராது. பேக்கேஜ்களை ஏற்றும் என்பிஎம் இன்ஸ்டாலை உள்ளே ஓட்டினால், மாறிய லாக் ஃபைல் (பேக்கேஜ் வெர்ஷன்களின் பதிவு) கிட்டுக்குப் (git) போகாது. வெளியே ஓட்டித்தான் பழக வேண்டும். எங்கள் ரெப்போ நடுத்தர அளவு. பல ப்ராஜெக்ட்கள் ஒன்றாக இருக்கும் பிரம்மாண்டமான மோனோரெப்போவில் நான் வாட்ச்சை ஓட்டியதில்லை.

ஜாங்கோ (பைதான்) சர்வீஸ் ஒன்றை மட்டும் பைண்ட் மவுண்ட்டிலேயே விட்டிருக்கிறோம். மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளை உள்ளே எழுதும் டேட்டாபேஸ் மாற்ற ஃபைல்கள் கமிட்டுக்கு வேண்டுமே. உபுண்டுக்காரர்களுக்கு அவை ரூட் (நிர்வாகி) பெயரில் வந்து விழாமலிருக்க, கம்போஸில் 'யூசர்' வரியில் அவரவர் யூஐடியை (யூசர் எண்) கொடுத்திருக்கிறோம்.