சிவப்பு ஐசி படமும் டிஃப்யூஷன் மாடலும்: மூன்று வருட அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் கடைக்குப் பாதிப் பேர் ஃபோட்டோஸ்டாட் எடுக்க வருகிறார்கள். இன்னும் சிலர் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து தயங்கி நிற்பார்கள். பைக்குள் ஒரு பழைய படம் இருக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்குள் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரவேண்டும். பல நேரங்களில் அது சிவப்பு ஐசியில், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான அடையாள அட்டையில், ஒட்டியிருந்த படமாகத்தான் இருக்கும். 1948 ஜூன் 16இல் எங்கள் ஊரை அடுத்த தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு, அதையொட்டி அவசரகாலம் வந்தது. அடையாள அட்டையும் அதே வருடம்தான் வந்தது. என் பாட்டி வாழ்க்கையில் முதல்முறை கேமரா முன்னால் உட்கார்ந்தது அந்த அட்டைக்காகத்தான். அவரைப்போல எத்தனையோ பேர்.

2023 முதல் இந்த வேலைக்கு டிஃப்யூஷன் மாடல் என்ற செயற்கை நுண்ணறிவு நிரலைப் பயன்படுத்துகிறேன். அதற்கு முன்பு ஒரு பொத்தானைத் தட்டினால் முகம் பளபளவென்று வந்துவிடும் செயலிகளைத்தான் நம்பியிருந்தேன். வந்த முகம் யாருடையது என்ற கேள்வி உறுத்தியதால் மாறினேன்.

முறை இதுதான். நல்ல படத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலை, அதாவது தாறுமாறான புள்ளிகளைத் தூவி, அதை நீக்க மாடலுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2020இல் ஜோனதன் ஹோவும் அவருடன் சேர்ந்தவர்களும் இதை ஆயிரம் படிகளில் செய்து காட்டினார்கள். வெறும் இரைச்சலில் தொடங்கிப் பின்னோக்கி வந்தால் புதிய முகம் ஒன்று பிறக்கும். எனக்கு வேண்டியது புதிய முகம் இல்லையே. நான் பயன்படுத்துவது 2022இல் ஹியுங்ஜின் சுங் குழுவினர் வெளியிட்ட டிபிஎஸ், அதாவது டிஃப்யூஷன் போஸ்டீரியர் சாம்ப்ளிங். ஒவ்வொரு படியிலும் மாடல் ஒரு முகத்தை ஊகிக்கும். பழைய படம் எப்படிக் கெட்டதோ, அந்த ஊகத்தையும் அப்படியே சுருக்கி மங்கலாக்கிக் கெடுத்து, என் ஸ்கேனோடு ஒப்பிட வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அதற்கேற்பத் திருத்தி அடுத்த படிக்குப் போக வேண்டும். கையில் இருப்பது மூலப்படம் இல்லை, இரைச்சல் கலந்த ஓர் அளவீடு என்ற எண்ணத்தோடு தொடங்குவதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

முதல் ஆறு மாதம் சிரமப்பட்டேன். காரணம் ஒரு மூக்குத்தி. என் பாட்டியின் ஐசி படத்தைத்தான் முதலில் போட்டேன். இடது மூக்கில் சின்ன வெள்ளைப் புள்ளி, ஸ்கேனைச் சுருக்கினால் இரண்டே பிக்சல். முகம் அழகாக வந்தது, மூக்குத்தியைக் காணோம். உதட்டோரம் இருந்த வெற்றிலைக் கறையும் போய், பல் தெரியும் ஒரு சிரிப்பு வந்திருந்தது. பாட்டி படத்துக்குச் சிரித்தவரே இல்லை. மாடல் பழகியது எஃப்எஃப்எச்கியூ என்ற தொகுப்பில். ஃப்ளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்கள் அதில் உண்டு. அவற்றில் எத்தனை பேர் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிவிட்டு வந்து வெற்றிலை போட்டிருப்பார்கள்? அளவீடு பலவீனமாக இருக்கும் இடத்தில் மாடல் தனக்குப் பழகிய முகத்தை வைத்து நிரப்பிவிடுகிறது.

தவறு என் பக்கமும் இருந்தது. இரைச்சல் அளவை நான் குத்துமதிப்பாக, கூடுதலாகக் கொடுத்து, அதற்கேற்பத் திருத்தும் வேகத்தையும் குறைத்து வைத்திருந்தேன். மாடல் மூக்குத்தியைத் தூசி என்று எண்ணித் துடைத்துவிட்டது. இப்போது படத்தின் பின்னணித் திரையில் ஒன்றுமில்லாத ஒரு மூலையை எடுத்து, அங்கே பிக்சல்கள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று கணக்கிட்டு, அதைத்தான் இரைச்சல் அளவாகக் கொடுக்கிறேன். அந்த மாற்றத்துக்கு அப்புறம் மூக்குத்தி திரும்பி வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

ஸ்கேன் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் பாதி வேலை அங்கேதான். நாலு முறை ஸ்கேன் செய்து சராசரி எடுத்தால் ஸ்கேனரின் இரைச்சல் பாதியாகும். படத்திலேயே ஊறிய மணித்துகள் (கிரெய்ன்) அப்படியேதான் இருக்கும், அதற்கு வழியில்லை. சொரசொரப்பான தாளில் அச்சிட்ட படம் என்றால் இரண்டு ஸ்கேனுக்குப் பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி எடுங்கள். விளக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து விழும், மேடு பள்ளத்தின் நிழல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்காத படமே கிடையாது. பூஞ்சை, கீறல், அலுவலக முத்திரை விழுந்த இடங்களை இரைச்சல் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே அளவீடே இல்லை என்று அந்த இடங்களை மறைக்கும் முகமூடி (மாஸ்க்) வரைந்து ஒதுக்கிவிடுங்கள்.

இனி முக்கியமான சோதனை. வந்த முகத்தை மறுபடி கெடுத்து ஸ்கேனிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். மிச்சம் உப்பைத் தூவியது போலச் சீராக இருந்தால் சரி. மிச்சத்தில் கண்ணோ தாடையோ நிழலாகத் தெரிந்தால் அந்த முகம் செல்லாது. ஆனால் இதில் தேறியதாலேயே அது உண்மையான முகம் ஆகிவிடாது. 2020இல் பல்ஸ் என்ற கருவியில் ஒபாமாவின் கட்டம் கட்டமான படத்தைப் போட்டார்கள். வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம். அது டிஃப்யூஷன் இல்லை, வேறு வகை மாடல். ஆனாலும் சிக்கல் ஒன்றுதான். ஒரே மங்கல் படத்துக்குப் பொருந்தும் முகங்கள் ஏராளம்.

அதனால் ஒரு படத்துக்குப் பன்னிரண்டு முறை, வேறு வேறு தொடக்க எண்ணோடு (தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் எண், சீட்) ஓட்டுகிறேன். போன வருடம் ஓர் அக்கா தோட்டத்துக் கோயில் திருவிழாக் கூட்டப்படம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் அம்மாவின் முகம் துவரம்பருப்பு அளவு. பன்னிரண்டையும் திரையில் வரிசையாக வைத்தேன். வகிடும் கன்ன எலும்பும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல. கண்கள் மட்டும் பன்னிரண்டு விதம்.

"இதுல எது எங்கம்மா தம்பி?"

"வகிடும் கன்னமும் படத்துலயே இருக்கு அக்கா. கண்ணு படத்துல இல்ல. அது மிஷினு போட்டது."

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கண்ண மங்கலாவே விட்டுருங்க. எனக்குத் தெரியும்ல அது எப்படி இருக்கும்னு" என்றார். பன்னிரண்டின் சராசரியை எடுத்துக் கொடுத்தேன். ஒத்துப்போகும் இடங்கள் தெளிவாக, ஒத்துப்போகாத இடங்கள் தானாகவே மென்மையாக இருந்தன. அன்றிலிருந்து எல்லோருக்கும் இப்படித்தான் கொடுக்கிறேன். தனிப் படம் ஒன்றுதான் வேண்டும் என்பவர்களுக்கும் முதலில் பன்னிரண்டையும் காட்டிவிடுவேன்.

குறைகளும் உண்டு. 12 ஜிபி நினைவகம் உள்ள என் பழைய கிராஃபிக்ஸ் அட்டையில் ஒரு முகத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, பன்னிரண்டு என்றால் அரை மணி நேரம். சாயங்காலம் இடி இடித்தால் பாதியில் நிறுத்தி பிளக்கைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. டிடிஆர்எம் என்ற இன்னொரு முறை இருபது படிகளிலேயே முடித்துவிடும். வெறுமனே சுருங்கிய படத்துக்கு அது போதும், சீரற்ற மங்கலுக்கு என் கையில் அது சரிப்படவில்லை. மாடல் தருவது 256க்கு 256 பிக்சல்தான், முகத்தை நேராக வெட்டி வைக்கவும் வேண்டும். சேலைக்கரை, பின்னால் இருக்கும் லயத்துக் கதவு போன்றவற்றை இதில் தொடுவதே இல்லை, ஸ்கேனில் உள்ளபடியே விட்டுவிடுகிறேன்.

சம்மதம் வாங்கி, எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் படங்கள் சில நூறு சேர்த்து மாடலைக் கொஞ்சம் மறுபயிற்சி செய்தேன். தோடும் விபூதியும் காணாமல் போவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் குங்குமம் இல்லாத நெற்றியிலும் இரண்டொரு முறை குங்குமம் வைத்துவிட்டது. கணவரை இழந்த ஒரு பாட்டியின் படத்தில் அப்படி வந்ததைக் கடைசி நேரத்தில் கவனித்தேன். அச்சிட்டுக் கொடுத்திருந்தால் அந்த வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. நெற்றியை மட்டும் பெரிதாக்கி, பன்னிரண்டிலும் தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் இப்போது அச்சுக்கு அனுப்புகிறேன்.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: நிரல் இலவசம், கிராஃபிக்ஸ் அட்டைக்குத்தான் செலவு. நாளுக்கு ஒரு படம் செய்யும் சிறு கடைக்குத் தாராளமாகப் போதும். அட்டை வாங்குவதற்கு முன்பு நல்ல ஸ்கேனர் வாங்குங்கள். அச்சின் பின்புறம் தொடக்க எண்களையும் தேதியையும் பென்சிலில் எழுதிவிடுங்கள், பழைய படத்தையும் அதே அளவில் ஒரு பிரதி எடுத்துக் கூடவே கொடுங்கள். அந்த அக்கா இரண்டையும் ஒரே சட்டத்தில் மாட்டித் தரச் சொன்னார்.