மாயன் டாரட்: எந்த மரபில் பலன் சொல்வது?

டாரட் என்பது பலன் பார்க்கும் சீட்டுக்கட்டு. அதில் மத்திய அமெரிக்காவின் பழைய மாயன் நாகரிக ஓவியம் போட்ட கட்டுக்கு டாரட் மரபில் பலன் சொல்வதா, மாயன் குறியீட்டை வைத்துச் சொல்வதா?

முதல் வழி சுலபம். 1909இல் வந்த, பலரும் பழகும் டாரட் கட்டான ரைடர்-வெயிட்டின் 78 சீட்டுகளும் அத்துபடி என்றால் எந்தக் கட்டையும் ஓட்டிவிடலாம். ஆனால் மாயன் படம் வெறும் அலங்காரமாகிவிடும்.

நிலவுச் சீட்டையே எடுங்கள். ரைடர்-வெயிட்டில் நாயும் ஓநாயும் நிலவைப் பார்த்து நிற்கும், குளத்திலிருந்து நண்டு போல ஒன்று ஏறிவரும். பயம், மயக்கம் என்று பலன். மாயன் ஓவியங்களிலோ நிலவு ஓர் இளம்பெண். பிறைக்குள் உட்கார்ந்து கையில் முயலை அணைத்திருப்பாள். (நிலாவில் முயல் நமக்கும் தெரிந்ததுதான்.) இந்தப் படத்தில் பயத்துக்கு என்ன வேலை? பிறப்பு, வளமை என்று படிப்பதே பொருந்தும்.

சரி, எல்லாவற்றையும் மாயன் வழியில் படிக்கலாமா? முடியாது. டாரட் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம். மாயன் நாட்காட்டியின் 260 நாள் கணக்கில் இருப்பவை 20 நாள் குறிகள். அவற்றை டாரட்டின் 22 பெரிய சீட்டுகளில் (நிலவு போலத் தனிப் பெயர் கொண்டவை) திணித்தால் இடிக்கும்.

என் கட்சி: பெரிய சீட்டுகளுக்குப் படத்தை நம்புங்கள், மீதி 56க்கு டாரட் பொருளே போதும்.